தீராந்தி தாங்குமா? மரத்தைக் கணினியில் முறித்துப் பார்க்கும் கணக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய ஓட்டுக்கூரைக் கட்டடங்கள் இன்னும் நிறையவே நிற்கின்றன. கோயில் மடப்பள்ளி, சங்கக் கட்டடம், நெல் களஞ்சியம், பள்ளிக்கூட மண்டபம். இவற்றைத் திருத்த வெளிக்கிட்டால் முந்தி மரவேலை செய்யும் ஓடாவி வருவார்; கூரையைத் தாங்கும் தீராந்தியைத் தட்டிப் பார்ப்பார், உளிமுனையால் குத்திப் பார்ப்பார், "இது இன்னும் இருபது வருசம் கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். இப்போது அவரோடு பொறியியலாளரும் வருகிறார். மடிக்கணினியைத் திறந்து, நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் படமொன்றைக் காட்டுகிறார். பார்ப்பவர்களுக்கு இரண்டு சந்தேகம் வருவது இயல்பு. சிவப்பு விழுந்த இடத்தில்தான் மரம் முறியுமா? ஒரே தீராந்திக்கு இரண்டு பேர் இரண்டு விடை சொன்னால் யாரை நம்புவது?

முதல் சந்தேகத்துக்கு உடனேயே பதில் சொல்லலாம். சிவப்பு என்பது அந்தப் படத்தில் உள்ள ஆகக் கூடிய எண்ணின் நிறம், அவ்வளவுதான். எடை குறைந்த பூனையொன்று தீராந்தியில் நடந்தாலும் படத்தில் எங்கோ ஓரிடம் சிவப்பாகத்தான் இருக்கும். இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் கொஞ்சம் நீளம். கணினிக்கு மரத்தைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. மரம் பலவீனமாக இருக்கும் திசையைப் பற்றித்தான் ஆகக் குறைவாகச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. சிக்கல் அங்கேதான்.

## மூன்று திசை, ஒன்பது எண்

முதலில் மூன்று சொற்கள். ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை தகைப்பு. அந்த விசையால் நீளம் எத்தனை பங்கு மாறுகிறது என்பது விகாரம். தகைப்பை விகாரத்தால் வகுத்தால் கிடைப்பது யங்கின் மட்டு. அது பெரிதாக இருந்தால் பொருள் விறைப்பானது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம்.

உருக்கின் யங்கின் மட்டு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால். எந்தப் பக்கம் இழுத்தாலும் அதே எண். இழுக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஒடுங்கும் என்பதைச் சொல்லும் புவாசோன் விகிதத்தையும் சேர்த்து இரண்டு எண்ணைக் கொடுத்தால் உருக்கு எப்படி வளையும் என்று கணினிக்கு முழுதாகத் தெரிந்துவிடும்.

மரம் அப்படியல்ல. விறகு பிளக்கிற எவருக்கும் தெரிந்த விசயம்: கட்டையை நிறுத்தி வைத்துத் தலையில் ஒரு கோடரி போட்டால் இரண்டாகும், அதே கட்டையைக் குறுக்கே வெட்டப் போனால் மூச்சு வாங்கும். மரத்துக்கு மூன்று திசை உண்டு. நார் ஓடும் நெடுக்குத் திசை, நடுமரத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் ஆரத் திசை, வளையங்களைத் தொட்டுப் போகும் தொடுகோட்டுத் திசை. நெடுக்குத் திசையில் பல மரங்களின் யங்கின் மட்டு 10 முதல் 15 கிகாபஸ்கால் வரை. ஆரத் திசையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. தொடுகோட்டுத் திசையில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பலத்தில் வித்தியாசம் இன்னும் கூட. நாருக்குக் குறுக்கே இழுத்துப் பிளக்கத் தேவையான விசை, நார்வழியே இழுத்து அறுக்கத் தேவையானதில் ஒரு சிறு பின்னம்தான்.

ஆகவே கணினிக்குக் கொடுக்க வேண்டியவை:

1. மூன்று திசைக்கும் மூன்று யங்கின் மட்டு.
2. நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை எதிர்க்கும் விறைப்பு, மூன்று தளத்துக்கும் மூன்று.
3. புவாசோன் விகிதம் மூன்று. உண்மையில் ஆறு உண்டு; யங்கின் மட்டுகள் தெரிந்தால் மூன்றிலிருந்து மற்ற மூன்றையும் கணக்கிட்டுவிடலாம்.

மொத்தம் ஒன்பது. மூன்றாவதில்தான் பலர் விழுந்துவிடுகிறார்கள். நார்வழியே இழுக்கும்போது குறுக்கே ஒடுங்கும் விகிதம் 0.4 அளவில் இருக்கும். குறுக்கே இழுக்கும்போது நெடுக்கே ஒடுங்குவது 0.02 அளவுதான். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் சில மென்பொருள்கள் கணக்கை மறுத்துவிடும், சில சத்தமில்லாமல் பிழையான விடையைத் தரும்.

இன்னொரு தொல்லை, இந்த ஒன்பது எண்ணும் நன்றாக அளக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் குளிர்நாட்டு ஊசியிலை மரங்களுக்குத்தான். முதிரை, பாலை என்று வந்தால் பொறியியலாளரின் கையில் வழக்கமாக இருப்பவை அடர்த்தி, நெடுக்கு யங்கின் மட்டு, வளைவுப் பலம் ஆகியவையே. மற்றவற்றை வேறு மரங்களின் விகிதங்களை வைத்து மதிப்பிட்டுப் போடுவார். தண்ணீரில் போட்டால் தாழும் பாலை மரத்துக்கு, தண்ணீரில் மிதக்கும் பைன் மரத்தின் விகிதங்கள் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. மதிப்பீடு என்று சொல்லிவிட்டுப் போட்டால் குற்றமில்லை. சொல்லாமல் போட்டால்தான் கேள்வி.

## கணினி உள்ளே என்ன செய்கிறது

பயன்படுத்தும் முறைக்குப் பைனைட் எலிமென்ற் என்று பெயர். 1960இல் ரே கிளஃப் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் இந்தப் பெயரை வழக்கில் கொண்டுவந்தார்; அப்போது விமான உடலைக் கணக்கிடுவதே முக்கிய தேவையாக இருந்தது. தீராந்தியை ஆயிரக்கணக்கான சிறு கட்டிகளாகப் பிரிக்கிறார்கள். கட்டிகள் சந்திக்கும் புள்ளி ஒவ்வொன்றும் எவ்வளவு அசையும் என்பதே தெரியாக் கணியம். எல்லாப் புள்ளியிலும் விசைகள் சமநிலையில் இருக்க வேண்டும் என்று சமன்பாடுகளை எழுதி, அத்தனையையும் ஒன்றாகத் தீர்க்கிறது கணினி. அசைவு தெரிந்தால் விகாரம் தெரியும், விகாரத்திலிருந்து தகைப்பு. அந்தத் தகைப்புக்குத்தான் நிறம் பூசுகிறார்கள்.

வாவியில் வலை போடுகிறவருக்கு இதில் ஒன்று உடனே விளங்கும்: வலைக்கண்ணை விடச் சின்ன மீன் அகப்படாது. கட்டியின் அளவு 20 மில்லிமீற்றர் என்றால் 5 மில்லிமீற்றர் வெடிப்பு கணினியில் செய்த மர மாதிரிக்குத் தெரியாது.

படத்தை நம்புவதற்கு முன் ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. 75 க்கு 150 மில்லிமீற்றர் தீராந்தி, நிறுத்தி வைத்தது, 4 மீற்றர் இடைவெளி, மீற்றருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமை. நெடுக்கு யங்கின் மட்டு 12 கிகாபஸ்கால் என்றால், பாடப்புத்தகச் சூத்திரப்படி நடுவில் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் தொய்யும். அடிப்பக்க இழுவைத் தகைப்பு 10.7 மெகாபஸ்கால். கணினி 20 சொச்சம் சொன்னால் சரி. 2 என்றோ 200 என்றோ சொன்னால் அலகு பிழைத்திருக்கிறது, அல்லது நார்த்திசையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நார்த்திசை திரும்பிய மாதிரியிலும் படம் அழகாகத்தான் வரும்.

## வளைவது ஒன்று, முறிவது இன்னொன்று

இதுவரை சொன்னது வளைவதைப் பற்றி. மரம் எப்போது முறியும் என்று சொல்ல இன்னொரு விதி வேண்டும்.

மரத்துக்கு இரண்டு குணம். நார்வழியே நெருக்கினால் நார்கள் மெல்ல மடிந்து, மேற்பரப்பில் நுண்ணிய சுருக்கக் கோடுகள் விழும். மரம் பணிந்துபோகும், உடனே கைவிடாது. நார்வழியே இழுத்தாலோ குறுக்கே பிளந்தாலோ முன்னறிவிப்பு மிகக் குறைவு. சடக் என்று போகும். கணுவில்லாத நல்ல தீராந்தி வளைந்து முறியும்போது இரண்டும் வரிசையாக நடக்கும். முதலில் மேற்பக்கம் நெருங்கிப் பணியும். அதனால் கீழ்ப்பக்கம் மேலதிக சுமையை எடுக்கும். கடைசியில் கீழே இழுவையில் நார் கிழிந்து தெறிக்கும். கணு கீழ்ப்பக்கத்தில் இருந்தால் முதல் கட்டத்துக்கே இடமிராது, நேரே கிழிவுதான்.

திசையைக் கணக்கில் எடுக்கும் பழைய விதிகளில் பிரபலமானது ஹான்கின்சன் சூத்திரம், 1921. அமெரிக்க இராணுவ விமானப் பிரிவில் விமானத்துக்கான ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தைச் சோதித்து எழுதியது. உதாரணத்துக்கு ஒரு மரத்தின் நெருக்கல் பலம் நார்வழியே 40, குறுக்கே 6 மெகாபஸ்கால் என்று வையுங்கள். நார் 15 பாகை சரிந்திருந்தால் பலம் 29. 45 பாகை என்றால் 10.4தான். பாதித் திருப்பத்திலேயே முக்கால்வாசி போய்விட்டது.

மரக்காலையில் வாள் நேராகத்தான் ஓடும். மரம் நேராக வளர்ந்திருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. நார் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சரிந்தால் வளைவுப் பலம் நேர்நாரின் 81 வீதம், ஐந்துக்கு ஒன்று சரிந்தால் 55 வீதம் என்கின்றன அமெரிக்க வனப்பொருள் ஆய்வுகூடத்தின் அட்டவணைகள். பலகையின் முகத்தில் மைக்கோடு ஒன்று போட்டு நாரோடு ஒப்பிட்டாலே இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலான மாதிரிகளில் நார் தீராந்தியின் அச்சோடு அச்சாக, ஒரு பிசகும் இல்லாமல் ஓடுகிறது.

முப்பரிமாண மாதிரியில் எல்லாத் திசைத் தகைப்பும் ஒன்றாக வரும். அவற்றைச் சேர்த்து முறிவைத் தீர்மானிக்க 1948இன் ஹில் விதி, 1971இன் சாய்-வூ விதி என்று சில உண்டு. ஹில் விதி உலோகத் தகடுகளுக்காக வந்தது. இழுவைப் பலமும் நெருக்கல் பலமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். மரத்துக்கு அது ஒத்துவராது. சாய்-வூ இரண்டையும் பிரித்து எடுக்கும். ஆனாலும் அது "இந்தக் கட்டி எல்லையைக் கடந்துவிட்டது" என்று மட்டும் சொல்லும். பிளந்ததா, நசிந்ததா, வழுக்கியதா என்று சொல்லாது. நசிந்த தீராந்தி இன்னும் பல வருடம் கிடக்கலாம். பிளந்தது கிடக்காது. இந்த வேறுபாட்டைக் காட்டாத படத்தை வைத்துக்கொண்டு மரத்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது.

## வெட்டுவாய்: பாதி வெட்டினால் பாதி மிஞ்சாது

கணினி மாதிரியின் தரம் தெரியவரும் இடம் இதுதான்.

சுவரில் குந்தும் முனையில் தீராந்தியின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி உட்கார வைப்பது வழக்கமான வேலை. மட்டம் பிடிக்கச் சுகம். மேலே சொன்ன 150 மில்லிமீற்றர் தீராந்தியில் அடியிலிருந்து 75 மில்லிமீற்றரை வெட்டிவிட்டோம் என்று வையுங்கள். முனையில் பாதி உயரம் மிஞ்சியிருக்கிறது. பாதிப் பலம் மிஞ்சியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்.

நடப்பது வேறு. வெட்டின் உள்மூலையில், சுவர் தாங்கும் மேல்பாதி மேலே நிற்கப் பார்க்கிறது. தாங்குவாரில்லாத கீழ்ப்பாதி கீழே இறங்கப் பார்க்கிறது. நடுவில் உள்ள நார்கள் குறுக்கே இழுபடுகின்றன. மரத்தின் ஆகப் பலவீனமான திசை அதுதான். மூலையில் மயிரளவு வெடிப்பு தொடங்கி, நார்வழியே கிடையாக உள்ளே ஓடும். வெடிப்பு ஓடும் இடத்தில் வளைவுத் தகைப்பு ஒன்றும் பெரிதாக இருக்காது. தீராந்தியின் நடுவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது படவே படாது.

இதைக் கணக்கிட ஐரோப்பிய மர விதிக்கோவையான யூரோகோட் 5இல் ஒரு சூத்திரம் இருக்கிறது. தாங்கு புள்ளி மூலையிலிருந்து 50 மில்லிமீற்றர் தள்ளி இருந்தால், நம் உதாரணத்துக்கு வரும் குறைப்புக் காரணி ஏறத்தாழ 0.48. உயரம் பாதியானதால் 0.5. இரண்டையும் பெருக்கினால் 0.24. பாதி வெட்டின முனையில் மிஞ்சுவது கால்வாசி.

சரி, இதைக் கணினி காட்டாதா? காட்டும், ஆனால் ஒரு பொறியோடு. கூரான உள்மூலையில் தகைப்பு, கணிதப்படி, எல்லையில்லாமல் ஏறும். கட்டியைப் பாதியாகச் சிறிதாக்கினால் அங்கே எண் கூடும். இன்னும் சிறிதாக்கினால் இன்னும் கூடும். நிற்காது. ஒருவர் 10 மில்லிமீற்றர் கட்டியும் மற்றவர் 1 மில்லிமீற்றர் கட்டியும் போட்டிருந்தால், அதே தீராந்தி ஒருவருக்கு "தாங்கும்", மற்றவருக்கு "தாங்காது". இரண்டு பொறியியலாளர்கள் இரண்டு விடை சொல்வதற்கு அடிக்கடி காரணம் இதுதான். இருவரும் பொய் சொல்லவில்லை. மூலையில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

கேட்க வேண்டியது தகைப்பை அல்ல, சக்தியை. வெடிப்பு முன்னேறினால் புதிய பரப்பு பிறக்கிறது. அதற்குச் சக்தி செலவாகும். சுமையின் கீழ் வளைந்திருக்கும் மரம் அந்தச் சக்தியைக் கொடுக்க முடிந்தால் வெடிப்பு ஓடும், முடியாவிட்டால் நிற்கும். கண்ணாடியை வைத்து 1921இல் கிறிஃபித் சொன்ன கருத்து இது. 1976இல் சுவீடனின் ஹில்லர்போர்க் குழுவினர் கொங்கிறீற்றுக்காக ஒரு முறையைத் தந்தார்கள்: வெடிப்பின் இரு முகத்துக்கும் நடுவில், விரிய விரியப் பலம் குறையும் கற்பனைப் பசையொன்று இருப்பதாக வைப்பது. மரத்துக்கும் அதைத்தான் இப்போது பயன்படுத்துகிறார்கள். ஊசியிலை மரங்களில் நாருக்குக் குறுக்கே பிளக்கத் தேவையான சக்தி ஒரு சதுர மீற்றருக்குச் சில நூறு ஜூல். நார்களையே அறுக்க அதைவிடப் பன்மடங்கு வேண்டும். வெடிப்பு நாரைக் குறுக்கே அறுக்காமல் நார்வழியே ஓடுவதற்குக் காரணமும் அதுவே.

இந்தப் பசைக் கட்டிகளை வெடிப்பு ஓடக்கூடிய பாதையில் முன்கூட்டியே வைக்க வேண்டும். நல்ல வேளையாக மரத்தில் அந்தப் பாதை எதுவென்று ஊகிப்பது கடினமில்லை. நார் போகும் வழியே. கொங்கிறீற்றுக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

## மூட்டு

போல்ட் போட்ட மூட்டிலும் இதே கதைதான். 1949இல் டென்மார்க்கின் யோகான்சன், போல்ட் வளைவதையும் அது மரத்தை நசித்து உள்ளே புதைவதையும் ஒன்றாகக் கணக்கிட்டார். இன்றும் யூரோகோட் 5 அந்த வழியில்தான் போகிறது. அது மரம் பிளக்காது என்று நம்பிக்கொண்டு போடும் கணக்கு. பிளக்காமல் இருக்கத்தான், போல்ட்டை மரத்தின் நுனிக்குக் கிட்டப் போடாதே என்கிறது விதி: நுனியை நோக்கி இழுக்கும் போல்ட் என்றால் விட்டத்தின் ஏழு மடங்கு, குறைந்தது 80 மில்லிமீற்றர். 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 84.

கணினி மாதிரியில் மூட்டை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு மரத்தையும் ஒரே துண்டாக ஒட்டிவிடும் கட்டளை எல்லா மென்பொருளிலும் உண்டு. ஒரு சொடுக்கில் வேலை முடியும். அப்படி ஒட்டிய மூட்டு கணினியில் ஒருநாளும் கழலாது.

கிழக்குக் கரையைத் தாக்கிய 1978 நவம்பர் 23-24 சூறாவளியைக் கண்டவர்களுக்கு மூட்டின் பெறுமதி தெரியும். காற்று மணிக்கு 180 கிலோமீற்றர் என்றால் அதன் அமுக்கம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1.5 கிலோநியூட்டன். ஓட்டுக்கூரையின் எடை அதன் பாதியை எட்டுவதே அரிது. சீற் கூரைக்கு அதுவும் இல்லை. அந்த நேரத்தில் காற்று மேலிருந்து உறிஞ்சுவதால் கூரை கீழே அமுக்காமல் மேலே இழுக்கிறது. தீராந்திக்கு ஒன்றும் ஆகாமலே, சுவரோடும் சலாகையோடும் உள்ள பிடி கழன்று கூரை பறந்துவிடும். மேல்நோக்கிய சுமையைப் போட்டுப் பார்க்காத மாதிரி இந்தக் கரைக்கு அரைமாதிரி.

திடீர் மோதலுக்கென்றே எழுதப்பட்ட மர மாதிரியும் இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக, பாதையோரத் தடுப்பு வேலியின் மரக்கட்டையில் வாகனம் மோதினால் என்னாகும் என்று பார்க்கச் செய்தது. எல்எஸ்-டைனா மென்பொருளில் 143ஆம் இலக்கப் பொருள் மாதிரியாகக் கிடைக்கும். தரவு பைன், டக்ளஸ் ஃபேர் என்ற இரண்டு ஊசியிலை மரங்களுக்கு. கூரைத் தீராந்திக்கு அதை எடுத்தால் பொருத்தமில்லாத எண்களோடுதான் தொடங்க வேண்டியிருக்கும்.

## கச்சானும் மாரியும்

ஆய்வுகூடத்தில் ஒரு மரத்துண்டை முறிக்க ஐந்து நிமிடம் போதும். கூரையில் அது ஐம்பது வருடம் நிற்கிறது. 1951இல் அமெரிக்காவின் மடிசன் நகர ஆய்வுகூடத்தில் லைமன் வூட் இதற்கான வளைகோட்டைக் கொடுத்தார்: பத்து வருடம் நிற்கும் சுமையை மரம் தாங்கும் அளவு, ஐந்து நிமிடச் சோதனையில் தாங்கியதில் ஏறத்தாழ 62 வீதம். சுமை கூடாமலே, காலம் போனதால் மட்டும் மரம் முறியலாம். யூரோகோட் 5 நிரந்தரச் சுமைக்குப் பலத்தை 0.6ஆல் பெருக்கச் சொல்வதன் பின்னணி இது.

தொய்வும் காலத்தோடு கூடும். கூடும் அளவு ஈரத்தைப் பொறுத்தது. மரத்தின் ஈரம் 28 முதல் 30 வீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கமும் பல மாற்றமும் தொடங்கும். பலத்தை வழக்கமாகச் சொல்வது 12 வீத ஈரத்தில். விதிக்கோவை மூன்று சூழல் வகுத்து, காலப்போக்கில் மேலதிகமாக வரும் தொய்வைச் சொல்கிறது:

1. உலர்ந்த உள்ளிடம்: தொடக்கத் தொய்வின் 0.6 மடங்கு மேலதிகம். நம் 20 மில்லிமீற்றர் 32 ஆகும்.
2. கூரையின் கீழ், ஆனால் ஈரக்காற்று உள்ள இடம்: 0.8 மடங்கு. 36 ஆகும்.
3. மழைபடும் இடம்: 2 மடங்கு. 60 ஆகும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஊர்களில் முதலாவதை எடுப்பது என் பார்வையில் சுயஏமாற்று. மூடிய கூரைக்குக்கூட இரண்டாவதில்தான் தொடங்க வேண்டும். மழை ஒழுகும் கூரை என்றால், ஒழுகும் அந்த முனை மூன்றாவது.

இதற்கு மேல் ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் அடித்தால் மரம் காய்ந்து சுருங்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் ஊறி விரியும். சுமை ஏறிய நிலையில் மரம் இப்படிக் காய்ந்தும் ஊறியும் மாறும்போது, ஈரம் ஒரே அளவில் நின்றால் வரும் தொய்வை விடக் கூடுதலாகத் தொய்யும். சுமை மாறாமலே, ஈரம் மாறி மாறி வருவது மட்டும் தொய்வைக் கூட்டும் என்பது கேட்க விசித்திரமாக இருந்தாலும் 1960களிலிருந்தே சோதனைகளில் கண்ட விசயம். இதைக் கணிக்க, மரத்துக்குள் ஈரம் எப்படி நகர்கிறது என்பதையும் தகைப்பையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். மாதிரி கனதியாகும், எண்களும் அதிகம் வேண்டும். சாதாரணக் கூரைக்கு அந்த அளவு தேவையில்லை. அட்டவணைக் காரணி போதும். நீண்ட மண்டபத்தின் பெரிய தீராந்திக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

தொடுகோட்டுத் திசையில் சுருக்கம் ஆரத் திசையை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழு மரம் காயும்போது நடுவை நோக்கி வெடிப்பு விழுவது இதனால்தான். தீராந்தியின் முகத்தில் தெரியும் நீள வெடிப்பு எல்லாம் ஆபத்து என்றில்லை. நடுப்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் பேசாமல் விடலாம். வெட்டுவாயின் மூலையிலோ போல்ட் வரிசையிலோ இருந்தால் விடக்கூடாது.

## பனை வேறு கணக்கு

பனஞ்சலாகைக்கு மேலே சொன்ன ஆரத் திசை, தொடுகோட்டுத் திசை எல்லாம் பொருந்தாது. பனையும் தென்னையும் ஆண்டு வளையம் போட்டுப் பருப்பவை அல்ல. அவற்றின் நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் இருக்கும். வெளியே வைரம், உள்ளே சோறு. ஒரே மரத்தில், ஒரே உயரத்தில், வெளிப்பக்கத்துக்கும் நடுவுக்கும் அடர்த்தி இரண்டு மடங்கு வித்தியாசப்படலாம்.

ஆகவே பனைக்கு ஒரே ஒரு தொகுதி எண்ணைக் கொடுத்த மாதிரி பயனற்றது. ஒவ்வொரு கட்டிக்கும் அது மரத்தின் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை வைத்து விறைப்பை மாற்ற வேண்டும். சலாகையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள் என்பதும் விடையை மாற்றும்: வைரப் பக்கம் கீழே இருந்தால் இழுவையை அது எடுக்கும். வைரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று ஓடாவி யோசித்துத்தான் வைப்பார். மாதிரி செய்பவர் அதை அவரிடம் கேட்டாலே போதும்.

## அறிக்கை கையில் வந்தால் கேட்க வேண்டியவை

1. எந்த மரம் என்று எடுத்தீர்கள்? ஒன்பது எண்ணில் எவை அளந்தவை, எவை மதிப்பீடு?
2. நார்த்திசையை நேராக எடுத்தீர்களா, தீராந்தியைப் பார்த்துச் சரிவை எடுத்தீர்களா?
3. வெட்டுவாயில் தகைப்பைப் பார்த்தீர்களா, சக்தியைப் பார்த்தீர்களா? கட்டியைச் சிறிதாக்கினால் விடை மாறுகிறதா?
4. மூட்டு ஒட்டியதா, போல்ட்டும் ஆணியுமாகவே செய்ததா?
5. மேல்நோக்கிய காற்று போட்டீர்களா?
6. எத்தனை வருடச் சுமை, எந்த ஈரம்?

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் பதில் தடுமாறினால், மற்றவற்றை எவ்வளவு நுட்பமாகச் செய்திருந்தாலும் அந்த அறிக்கையை வைத்து மரத்தைக் கழற்றவோ விடவோ கூடாது.

## ஓர் எண்ணையாவது இங்கேயே அளக்கலாம்

ஒன்பதில் ஆக முக்கியமானது நெடுக்கு யங்கின் மட்டு. அதை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. கழற்றிய தீராந்தியொன்றை 3 மீற்றர் இடைவெளியில் இரண்டு தாங்கிமேல் நிறுத்தி வைத்து, நடுவில் 50 கிலோ சீமெந்துப் பை மூன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். இரண்டு தாங்கிக்கும் நேர் மேலே ஆணி அடித்து நூல் இழுத்துக் கட்டினால், நடுவில் எவ்வளவு இறங்கியது என்று அளவுகோலில் வாசிக்கலாம். 75 க்கு 150 மரத்தில் 3 மில்லிமீற்றர் இறங்கினால் யங்கின் மட்டு ஏறத்தாழ 13 கிகாபஸ்கால். 4 இறங்கினால் 10க்குச் சற்றுக் கீழே. ஒரு மில்லிமீற்றரில் இவ்வளவு வித்தியாசம் வருவதால் அரை மில்லிமீற்றர் வரை கவனமாக வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் தகைப்பு 4 மெகாபஸ்காலைத் தாண்டாது. நல்ல மரத்துக்குச் சேதமில்லை. பையை இறக்கியதும் நூல் பழைய இடத்துக்கு வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வராவிட்டால் தாங்கியில் மரம் நசிந்திருக்கலாம், அல்லது உள்ளே ஏற்கெனவே பிளவு இருக்கலாம்.

இப்படி அளந்த எண்ணைப் பொறியியலாளரிடம் கொடுத்தால் தொய்வுக் கணக்கு அந்த மரத்தின் கணக்காகவே வரும். குறுக்கே பிளக்கும் பலத்தை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு அதே மரத்தில் வெட்டிய சிறு துண்டுகளைச் சோதனைப் பொறி உள்ள பொறியியல் பீடம் ஒன்றுக்குத்தான் அனுப்ப வேண்டும்.